உயர்நிலைப்பள்ளியில் மூன்றாம் மொழியாக மலாய்: தமிழ்ப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த கையோடு, மூன்றாவது மொழியாக மலாய் எடுக்கலாமா என்ற பேச்சு வீடுகளில் ஆரம்பித்துவிடும். நானும் உயர்நிலைப்பள்ளியில் அதைப் படித்தவள், இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன் என்பதால் அந்தப் பேச்சு எப்படியாவது என்னிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதிலையும் போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துக்கொண்டுதான் போகும். மலாய்ச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், ஆனால் பிள்ளைகள் தங்கள் நோட்டில் அப்படி எழுதக் கூடாது. ஏன் என்பதும் கீழே வரும்.

ஸ்கூல்ல மலாய்க்காரப் பிள்ளைங்க படிக்கிற மலாயும் இதுவும் ஒண்ணா?

இல்லை. அவர்கள் படிப்பது தாய்மொழிப் பாடம். வீட்டில் பேசிப் பழகிய பிள்ளைக்கான பாடம் அது. இதன் பெயர் மலாய் மொழி சிறப்புத் திட்டம், எல்லாரும் எம்எஸ்பி என்றுதான் சொல்வார்கள். மலாயைத் தாய்மொழிப் பாடமாக எடுக்காத பிள்ளைகளுக்கு, உயர்நிலை 1இல், ஒரு சொல்கூடத் தெரியாது என்ற இடத்திலிருந்து தொடங்கி நான்கு ஆண்டுகள் சொல்லித் தருவார்கள். பேச்சு, கேட்டல், வாசிப்பு, எழுத்து எல்லாம் உண்டு, கடைசியில் தேசியத் தேர்வும் உண்டு.

வகுப்பு பள்ளி நேரம் முடிந்த பிறகுதான். சில பிள்ளைகளுக்குச் சொந்தப் பள்ளியிலேயே நடக்கும், சிலர் வேறோர் இடத்துக்குப் பேருந்து ஏறிப் போக வேண்டியிருக்கும். முடிவெடுக்கும் முன் இதைத்தான் முதலில் பள்ளியில் கேட்டுக்கொள்ள வேண்டும். இணைப்பாட நடவடிக்கை எந்தக் கிழமை, மலாய் வகுப்பு எந்தக் கிழமை, பிள்ளை வீடு திரும்ப எத்தனை மணி ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஜப்பானிய மொழி, பிரெஞ்சு போன்றவற்றுக்கு இருக்கும் அளவு கடுமையான மதிப்பெண் வரம்பு இதற்கு இல்லை, அதனால் நிறையப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கிடைக்கும்.

தமிழ் கஷ்டமா இருக்குன்னு சொல்றான். அதுக்குப் பதிலா இதை எடுத்துக்கலாமா?

முடியாது. இது தமிழுக்கு மேல் கூடுதலாக எடுக்கும் மூன்றாம் மொழி. தமிழ்ப் பாடம் அப்படியே தொடரும், உயர்தமிழ் எடுக்கும் பிள்ளையும் இதைச் சேர்த்து எடுக்கலாம். முந்தைய தலைமுறையில் மலாயை இரண்டாம் மொழியாகப் படித்த தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை வைத்துத்தான் இந்தக் கேள்வி வருகிறது. தாய்மொழிப் பாடத்தையே மாற்றுவது வேறு விஷயம், அதற்குக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும், சிறப்புத் திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தமிழில் திணறும் பிள்ளையை மூன்றாம் மொழியில் சேர்க்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். தமிழில் காலூன்றிய பிள்ளைக்கு மலாய் எவ்வளவு இலகுவாகக் கைகொடுக்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். விவரம் கீழே வரும்.

எங்க வீட்டில யாருக்கும் மலாய் தெரியாது. நாங்க எப்படி உதவி பண்றது?

உதவி என்றால் பாடம் சொல்லித் தருவது மட்டும்தானா? சொல் கேட்டுச் சரிபார்ப்பது, சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்வது, இதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை. நீங்கள் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், பிள்ளை அதை மலாயில் சொல்லட்டும். உங்களுக்குச் சரியா தவறா என்று தெரியாமல் போகலாம், ஆனால் பிள்ளை தடுமாறுவது காதில் விழும், தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டால் அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் கேட்கலாம்.

அப்புறம், இந்த ஊரில் மலாய் நம்மைச் சுற்றி இருக்கிறது. அரசமைப்புச் சட்டப்படி அதுதான் தேசிய மொழி, தேசிய கீதம் அந்த மொழியில்தான், தினமும் காலையில் பிள்ளைகள் கொடிக்கம்பத்தின் முன் நின்று பாடுகிறார்கள். முதல் மாத வீட்டுப்பாடமாக அந்தக் கீதத்தை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பொருள் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றுக்குள் இலக்கணம் தெரிய ஆரம்பிக்கும்போது பிள்ளைக்குக் கிடைக்கும் உற்சாகமே தனி.

எங்க தாத்தாவுக்கு மலாய் சரளமா வரும். அவர்கிட்டயே கத்துக்கலாமா?

தாத்தாவிடம் பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள். செம்பவாங் கடற்படைத் தளத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த தலைமுறைக்கு சீனரோடும் மலாய்க்காரரோடும் பேச இருந்த பொதுமொழி சந்தை மலாய்தான். பயமில்லாமல் வாயைத் திறக்கும் பழக்கம் அவரிடமிருந்து வரும், அதை எந்த வகுப்பும் அவ்வளவு சீக்கிரம் தராது.

ஆனால் சந்தை மலாயைத் தேர்வுத் தாளில் எழுதினால் மதிப்பெண் போகும். தாத்தா ‘சாயா புஞா ரூமா’ என்பார், அதாவது என்னுடைய வீடு. பள்ளி மலாயில் அது ‘ரூமா சாயா’, வீடு முன்னால், என் பின்னால். ‘லூ’, ‘குவா’ என்று நீ, நான் சொல்வதும் ஹொக்கியன் வழியாக வந்தது, வகுப்பில் செல்லாது. இரண்டும் வேறு வேறு இடத்துக்கானவை என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்தால் போதும். நாமும் வீட்டில் பேசுகிற தமிழைக் கட்டுரையில் எழுதுவதில்லையே.

மலாய் ரொம்ப ஈஸின்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா?

முதல் ஆண்டு நிஜம். வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது, ஆள் மாறினாலும் மாறாது, ஆண்பால் பெண்பால் கிடையாது. ‘சுடா’ போட்டால் முடிந்துவிட்டது, ‘செடாங்’ போட்டால் நடந்துகொண்டிருக்கிறது, ‘ஆக்கான்’ போட்டால் இனிமேல்தான். ரோமன் எழுத்து, அதை ரூமி என்பார்கள், எழுதியபடியே ஏறக்குறைய வாசித்துவிடலாம். அதனால் சில மாதத்திலேயே பிள்ளை வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிடும், பெற்றோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

சிக்கல் உயர்நிலை 2இன் நடுவில் வரும். வேர்ச்சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டுகள் ஏறத் தொடங்கும், ஒரே வேரிலிருந்து எட்டுப் பத்துச் சொற்கள் கிளைக்கும், ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. முதல் ஆண்டு இலகுவாகப் போனதே என்று நோட்டைத் தொடாமல் இருந்த பிள்ளைகள் அங்கேதான் விழுகிறார்கள். சுலபம் என்ற பேச்சை நம்பி முதல் ஆண்டை வீணாக்காதீர்கள், சொல் சேர்க்க வேண்டிய காலம் அதுதான்.

தமிழ் தெரிஞ்சா மலாய்க்கு உதவுமா? ரெண்டும் சம்பந்தமே இல்லாத மொழியாச்சே?

குடும்பம் வேறுதான். இருந்தாலும் நிறைய உதவும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை ‘கீத்தா’, ‘காமி’ என்ற இரண்டு சொல்லையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் அல்லாடும், ஏனென்றால் ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வரி போதும்: கீத்தா என்றால் நாம், காமி என்றால் நாங்கள். கேட்பவரும் சேர்த்தியா இல்லையா என்ற வித்தியாசம் நமக்குப் பிறவியிலேயே தெரியும். அதேபோல ‘தீடா’, ‘புக்கான்’. ‘அவர் ஆசிரியர் அல்லர்’ என்ற இடத்தில் புக்கான், ‘அவர் வரவில்லை’ என்ற இடத்தில் தீடா. பெயர்ச்சொல்லை மறுத்தால் புக்கான், வினையையோ பண்பையோ மறுத்தால் தீடா. தமிழில் அல்ல, இல்லை இரண்டையும் ஒழுங்காகப் பயன்படுத்தும் பிள்ளைக்கு இது உடனே பிடிபடும்.

சொற்களும் உண்டு. கடைக்குக் ‘கெடாய்’, கப்பலுக்குக் ‘காப்பால்’, கட்டிலுக்குக் ‘காத்தில்’, பெட்டிக்குப் ‘பெத்தி’, இந்துக் கோயிலுக்குக் ‘கூயில்’. வணிகர்களோடு கடல் கடந்து போன சொற்கள் இவை. ஆனால் இதை நம்பி எல்லாச் சொல்லையும் ஊகிக்கக் கூடாது. தமிழ் இடைஞ்சல் செய்யும் இடம் சொல் வரிசைதான். நாம் ‘பெரிய வீடு’ என்போம், அங்கே ‘ரூமா பெசார்’, வீடு பெரிய. நாம் வினையைக் கடைசியில் வைப்போம், அங்கே நடுவில். இதற்குக் குறுக்குவழி இல்லை, எழுதி எழுதித்தான் கை பழக வேண்டும்.

அக்கா, படிக்கிறதுக்கு வசதியா தமிழ் எழுத்துல உச்சரிப்பு எழுதி வச்சுக்கலாமா?

வேண்டாம். ஒரே ஓர் உதாரணம் பாருங்கள். ‘பெலாஜார்’ என்று எழுதி வைத்தால் அது படிப்பதா, மாணவனா? மலாயில் இரண்டும் இரண்டு சொல், முதல் எழுத்தின் ஒலி ஒன்றில் ‘பந்து’வின் ப, மற்றதில் ‘பல்’லின் ப. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘துவா’ என்று எழுதினால் இரண்டா, முதுமையா? ‘பாகி’ என்று எழுதினால் காலையா, பங்கிடுவதா? நோட்டில் ரூமி எழுத்து மட்டும் இருக்கட்டும், ஒலியைக் காதால் பழகட்டும்.

உச்சரிப்பில் இன்னும் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். பூவுக்கான சொல்லை நம் பிள்ளைகள் ‘பூங்கா’ என்று வாசிப்பார்கள், ஏனென்றால் தமிழில் ங்-க்குப் பின் க தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மலாயில் அந்த இடத்தில் க ஒலியே இல்லை, வெறும் ங-வை நீட்டினால் போதும், ‘பூஙா’. க ஒலி வேண்டுமென்றால் ரூமியில் இன்னோர் எழுத்துச் சேர்த்து எழுதியிருப்பார்கள். மற்றது எ. ரூமியில் ஒரே எழுத்துதான், ஆனால் இரண்டு ஒலி. ஒன்று நம் எ, இன்னொன்று வாயை அரைகுறையாகத் திறந்து சொல்லும் மங்கிய ஒலி, அதைப் ‘பெப்பெட்’ என்பார்கள். ‘செபாக்’ என்ற ஒரே எழுத்துக்கூட்டலை ஒருவிதமாகச் சொன்னால் காலால் உதைப்பது, மற்றவிதமாகச் சொன்னால் கையால் அறைவது. புதுச் சொல் கற்கும்போதே எந்த எ என்று பென்சிலால் மேலே ஒரு குறி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அகராதியில தேடினா சொல்லே இல்ல, ஆனா புத்தகத்துல இருக்கு. ஏன்?

வேரைத் தேட வேண்டும், முழுச் சொல்லை இல்லை. அச்சு அகராதிகளில் ஒட்டுகளைக் கழற்றிய வேரின் கீழேதான் எல்லாம் இருக்கும். ‘மெனுலிஸ்’ என்பதை ம வரிசையில் தேடினால் கிடைக்காது, ‘துலிஸ்’ என்பதன் கீழே இருக்கும். மலேசியாவின் டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா இணையத்தில் இலவசமாகத் தரும் அகராதி நன்றாக இருக்கும், அதிலும் வேர் தெரிந்தால் வேலை சுலபம்.

நான் பிள்ளைகளை ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்வேன். என்னிடம் வரும் ஒரு பெண்ணின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: நடுவில் ‘ஆஜார்’ என்று வட்டம் போட்டிருக்கிறாள். அதிலிருந்து ஒரு கோடு, படிப்பது. இன்னொரு கோடு ‘மெஙாஜார்’, கற்பிப்பது. அப்புறம் மாணவர், கற்பிப்பவர், பாடம், படிப்பினை, போதனை என்று ஆறேழு சொற்கள் சுற்றிலும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழில் பொருள், கீழே ஒரு சின்ன வாக்கியம். முன்னொட்டு எல்லாம் சிவப்பில், பின்னொட்டு பச்சையில், வேர் மட்டும் கறுப்பில். இந்த மாதிரி அறுபது பக்கம் சேர்ந்துவிட்டால் உயர்நிலை 3இல் வாசிப்புப் பகுதியைப் பார்த்துப் பயம் வராது, தெரியாத சொல்லிலும் தெரிந்த வேர் கண்ணில் படும்.

துலிஸ் எப்படி மெனுலிஸ் ஆச்சு? த எங்க போச்சு? இந்த ‘மெ’ விதியை எப்படி ஞாபகம் வச்சுக்கறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் தமிழ்ப் பிள்ளைக்கு இதன் பதில் முதல் வகுப்பிலேயே தெரியும். க ங, ச ஞ, த ந, ப ம. நெடுங்கணக்கில் வல்லினமும் அதன் மெல்லினமும் ஜோடி ஜோடியாக வருகின்றன அல்லவா? மலாயின் ‘மெ’ முன்னொட்டு அதைத்தான் செய்கிறது. வேர் க-வில் தொடங்கினால் க போய் ங வரும், ‘கிரிம்’ ‘மெஙிரிம்’ ஆகும், அனுப்புவது. ச-வில் தொடங்கினால் ஞ, ‘சாப்பு’ ‘மெஞாப்பு’, பெருக்குவது. த-வில் தொடங்கினால் ந, அதுதான் மெனுலிஸ், எழுதுவது. ப-வில் தொடங்கினால் ம, ‘புக்குல்’ ‘மெமுக்குல்’, அடிப்பது. மற்ற பிள்ளைகள் அட்டவணை போட்டு உருப்போடும் விதி இது, நம் பிள்ளைக்கு நெடுங்கணக்கே அட்டவணை.

க, த, ப இவற்றைப் பொறுத்தவரை இது வல்லினம் அழுத்தமாக ஒலிக்கும் வேர்களுக்குத்தான். ‘பந்து’வின் ப மாதிரி மென்மையாக ஒலித்தால் எழுத்து போகாது, முன்னால் மெல்லினம் மட்டும் வந்து நிற்கும். ‘பாச்சா’ என்பது ‘மெம்பாச்சா’, வாசிப்பது. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் ‘மரங்கள்’ என்று ம் போய் ங் வருவதைப் போலத்தான், பின்னால் வரும் ஒலிக்கு ஏற்ற மெல்லினம். உயிரெழுத்தில் தொடங்கினால் ங். ய ர ல வ, மெல்லினம் இவற்றில் தொடங்கினால் வெறும் ‘மெ’. விதிவிலக்குகளும் இருக்கின்றன, ‘மெம்புஞாய்’, உடையதாக இருப்பது, அதில் ப போகாது. அவற்றைச் சந்திக்கும்போது தனியாகக் குறித்துக்கொண்டால் போதும்.

‘டி’யைச் சேர்த்து எழுதணுமா, பிரிச்சு எழுதணுமா? எப்பவும் மார்க் போகுது.

இடத்தைச் சொன்னால் பிரித்து, வினையோடு வந்தால் சேர்த்து. ‘டி ரூமா’, வீட்டில், இது இரண்டு சொல். ‘டிபாச்சா’, வாசிக்கப்பட்டது, இது ஒரு சொல். தமிழில் ‘இல்’ என்று பொருள் வந்தால் இடைவெளி விடு, ‘படு’ என்று பொருள் வந்தால் ஒட்டு. மலாய் நன்றாகப் பேசுபவர்களே கடைப் பலகையில் இதைத் தவறாக எழுதுவதைப் பார்க்கலாம், அதனால் பலகையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

டீச்சர் ‘சாயா’ங்கிறாங்க, கடையில ‘சாயெ’ மாதிரி கேக்குது. எது சரி?

இரண்டும் சரி, இடம் வேறு. எழுதியபடி வாசிப்பதற்குப் ‘பாக்கு’ உச்சரிப்பு என்று பெயர், சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1993 முதல் அதுதான். பேச்சு வழக்கில் ஜொகூர், ரியாவ் பக்கத்து உச்சரிப்பு, அதில் கடைசி ஆ மங்கி, மேலே சொன்ன பெப்பெட் ஒலியாகிவிடும். மலேசியத் தொலைக்காட்சியிலும் அப்படித்தான் கேட்கும். வாய்மொழித் தேர்வில் வாசிக்கும்போது வகுப்பில் சொல்லித் தந்தபடி வாசியுங்கள், கடையில் கேட்கும்போது புரிந்துகொள்ளுங்கள், ஒரே வாசிப்பில் இரண்டையும் கலக்காதீர்கள்.

யூடியூப்ல இந்தோனேசியன் வீடியோ நிறைய இருக்கு. அதைப் பார்த்துப் பழகலாமா? மொழிபெயர்ப்புச் செயலி?

1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துக்கூட்டலை ஒன்றுபடுத்திக்கொண்டதால் பக்கத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே மொழி போலத் தெரியும். இலக்கணமும் பெரும்பாலும் ஒன்றே. சொற்களில்தான் கவனம் வேண்டும். ‘பெர்ச்சூமா’ என்றால் இங்கே இலவசம், அங்கே வீண். ‘பூடாக்’ என்றால் இங்கே சிறு பிள்ளை, அங்கே அடிமை. ‘கெரெத்தா’ இங்கே கார், அங்கே காருக்கு ‘மோபில்’. நமக்கு ‘லாப்பான்’ எட்டு, அவர்களுக்கு ‘டெலாப்பான்’. பள்ளியில் இந்தோனேசிய மொழி தனிப் பாடமாகவே இருக்கிறது என்பதிலிருந்தே தெரியும், ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

முதல் இரண்டு ஆண்டு இந்தோனேசியக் காணொளிகளைத் தள்ளி வைப்பது நல்லது. சிங்கப்பூரின் மலாய் ஒளிவழியான சுரியாவின் நிகழ்ச்சிகள், மலாய் வானொலியான வார்னா 94.2 போதுமானவை. மொழிபெயர்ப்புச் செயலியைப் பொறுத்தவரை, ஒரு சொல்லின் பொருளைப் பார்க்கலாம், கட்டுரையை எழுத விடக் கூடாது. சில நேரம் இந்தோனேசியச் சொல்லைக் கலந்து தந்துவிடும், ஒட்டுகளின் நுணுக்கமும் பிள்ளை கைக்கு வராமலே போய்விடும்.

‘நீங்க’ன்னு மரியாதையா சொல்ல மலாயில என்ன சொல்?

ஒரு சொல்லில் முடியாது, நம் ஊர் வழக்கம்தான். முகம் தெரியாத பெரியவரை நாம் மாமா, அக்கா, ஐயா என்று உறவு வைத்துக் கூப்பிடுவதுபோல அவர்களும் ‘பாக் சிக்’, ‘மாக் சிக்’, ‘காக்’, ‘ஆபாங்’ என்பார்கள். ஆசிரியர் ஆணோ பெண்ணோ ‘சிக்கு’. ‘அவாக்’, ‘காமு’ எல்லாம் சம வயதினரிடமும் சிறியவரிடமும். ‘அண்டா’ என்பது அறிவிப்பு, விளம்பரம், படிவம் போன்றவற்றில் முகம் தெரியாத எல்லாருக்கும் பொதுவாக எழுதுவது, அதை ஆசிரியர் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. தன்னைச் சொல்ல ‘சாயா’ எங்கும் செல்லும். ‘ஆக்கு’ என்பது நண்பர்களுக்குள்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளரை ‘சிக்கு’ என்று கூப்பிட்டுத் தொடங்கினாலே பேச்சு இயல்பாகிவிடும். பிரதிப்பெயரைத் தேடித் தடுமாறும் பிள்ளைகளுக்கு இதை நான் முதலிலேயே பழக்கிவிடுவேன்.

மலாய் படிச்சா மதமும் சேர்த்துச் சொல்லித் தருவாங்களா?

இல்லை, இது மொழிப் பாடம். ஹரி ராயா எப்படிக் கொண்டாடுகிறார்கள், வீட்டுக்குப் போனால் எப்படி வணக்கம் சொல்வது, கம்போங் கிளாம் வட்டாரம் எப்படி உருவானது என்பதெல்லாம் பண்பாட்டுப் பாடமாக வரும். அண்டை வீட்டுக்காரரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமல் அவர் மொழியைப் பேசுவது எப்படி?

அப்புறம் இதைக் கேட்பவர்களுக்கு நான் மலாக்கா செட்டிகளைப் பற்றிச் சொல்வதுண்டு. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டு மொழி மலாய், கோயிலும் வழிபாடும் சைவம். மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் இன்றும் வாழ்கிறார்கள், சிங்கப்பூரிலும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. பொங்கல் வைத்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாக மலாய் பேசியவர்கள்.

சலுகைப் புள்ளி கிடைக்கும்ங்கிறாங்க, அதுக்காகவே எடுக்கலாமா?

சாதாரண நிலைத் தேர்வில் இந்தப் பாடத்தில் சி6 அல்லது அதைவிட நல்ல தகுதி பெற்றால் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் 2 புள்ளி சலுகை என்பதுதான் இதுவரை நடைமுறை. உயர்தமிழ், இணைப்பாட நடவடிக்கைக்கும் புள்ளி உண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் உச்சவரம்பும் உண்டு. ஆக, உயர்தமிழும் இணைப்பாடமும் ஏற்கெனவே வரம்பைத் தொட்டுவிடும் பிள்ளைக்கு மலாயால் கூடுதல் புள்ளி எதுவும் வராது, பலர் இதைக் கணக்குப் போடுவதே இல்லை. 2027இலிருந்து சாதாரண நிலைத் தேர்வுக்குப் பதில் புதிய உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு, 2028 சேர்க்கையிலிருந்து கணக்கிடும் பாடங்களும் குறைகின்றன, சலுகைப் புள்ளி வரம்பும் குறைகிறது. உங்கள் பிள்ளை சேரும் ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள், பழைய மாணவர் சொன்னதை வைத்துப் போடாதீர்கள்.

புள்ளிக்காக மட்டும் எடுத்த பிள்ளை, நான் மேலே சொன்ன உயர்நிலை 2 சிக்கல் வரும்போது தாங்குவதில்லை. புள்ளி இல்லாவிட்டாலும் படிப்பாயா என்று பிள்ளையையே கேளுங்கள். முகத்தைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

மூணாவது வருஷம் ஆச்சு, விட்டுடறேன்னு சொல்றா. விடலாமா?

ஏன் என்பதைப் பொறுத்தது. நேரம் போதவில்லை, தூக்கம் இல்லை, கணக்கும் அறிவியலும் சரிகின்றன என்றால் விடுவதில் தவறில்லை. பள்ளியில் முறைப்படி பேசி விடுங்கள், சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருப்பது கூடாது. கற்ற மொழி எங்கும் போய்விடாது.

கட்டுரை வரவில்லை, மதிப்பெண் இறங்குகிறது என்பது மட்டும் காரணமென்றால் ஓர் அரையாண்டு பொறுக்கச் சொல்வேன். பெரும்பாலும் பிரச்சினை ஒன்றுதான், சொல்வளம் இருக்கிறது, ஒட்டு சரியாக விழவில்லை. அந்த வேர்ப் பக்க நோட்டை அப்போது தொடங்கினாலும் பலன் தெரியும்.

‘டிபாச்சா ஓலே சாயா’ன்னு எழுதினேன், தப்புன்னு போட்டாங்க. ‘என்னால் வாசிக்கப்பட்டது’ சரிதானே?

தமிழில் சரி, மலாயில் ‘டி’ செயப்பாட்டு வினை படர்க்கைக்குத்தான். அவரால், ஆசிரியரால், அலியால் என்றால் ‘டிபாச்சா’ வரும். நான், நீ என்று வந்தால் முன்னொட்டே வராது: ‘பூக்கு இத்து சாயா பாச்சா’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘புத்தகம் அந்த நான் வாசி’. ஆங்கிலம் வழியாக யோசிக்கும் பிள்ளைக்கு இது தலைகீழாகத் தெரியும். நீங்கள் ‘அந்தப் புத்தகம் நான் படிச்சாச்சு’ என்று வீட்டில் சொல்வதில்லையா? புத்தகம் முன்னால், நான் அடுத்து, வினை கடைசியில், அதே வரிசை. மேலே வரிசை இடைஞ்சல் செய்யும் என்று சொன்னேன், இந்த ஓர் இடத்தில் அது துணைக்கு வருகிறது. இடையில் வேறு சொல் எதையும் செருகக் கூடாது, ‘சாயா’வும் ‘பாச்சா’வும் ஒட்டியே நிற்க வேண்டும். ‘சுடா’ போட வேண்டுமென்றால் ‘சாயா’வுக்கு முன்னால்.

கட்டுரையில பழமொழி போட்டா நல்லதுங்கிறாங்க. எத்தனைதான் மனப்பாடம் பண்றது?

‘பெரிபஹாசா’ என்பார்கள். நீண்ட பட்டியல் வேண்டாம், நன்றாகப் புரிந்த பத்துப் பதினைந்து போதும். தமிழில் ஏற்கெனவே தெரிந்த கருத்துள்ளவற்றை முதலில் எடுங்கள். சிறுதுளி பெருவெள்ளத்துக்கு அவர்கள் ‘சிக்கிட் சிக்கிட், லாமா லாமா ஜாடி புக்கிட்’, கொஞ்சம் கொஞ்சமாய் நாளடைவில் மலையாகும். நமக்குக் கிணற்றுத் தவளை, அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் இருக்கும் தவளை. ஐந்தில் வளையாததற்கு மூங்கிலைக் குருத்திலேயே வளை என்பார்கள். பொருள் முன்பே மனத்தில் இருப்பதால் எந்த இடத்தில் போடுவது என்று பிள்ளை தடுமாறாது.

ஒரு கட்டுரைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பத்திக்குப் பத்தி பழமொழி வைத்தால் செயற்கையாகத் தெரியும்.

பரீட்சை முடிஞ்சதும் எல்லாம் மறந்துடுமே, அப்புறம் எதுக்கு?

பேசாவிட்டால் மறக்கும், எந்த மொழியும் அப்படித்தான். தேசிய சேவைக்குப் போகும் பையன்களுக்கு முதல் நாளே ‘செடியா’, ‘செனாங் டீரி’ என்று கட்டளைகள் மலாயில்தான் வரும், அணிவகுப்பு மொழி அதுதான். மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு, ஆங்கிலம் பேசாத மலாய்ப் பாட்டியிடம் ‘சாக்கிட் டி மானா, மாக் சிக்?’, எங்கே வலிக்கிறது என்று கேட்க முடிவது பெரிய விஷயம். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் பலகை, படிவம், காவலர் பேச்சு எல்லாம் மலாய். இந்தோனேசியாவின் பாத்தாமுக்கோ மேடானுக்கோ போனாலும் கொஞ்சம் சொல் மாற்றிக்கொண்டால் சமாளிக்கலாம்.

மறக்காமல் இருக்க நான் சொல்வது, வாரத்தில் ஒரு நாள் பெரித்தா ஹரியான் என்ற மலாய் நாளிதழில் ஒரு செய்தி, அதே செய்தியை அன்றைய தமிழ் முரசில் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து வாசிப்பது. தெரியாத மலாய்ச் சொல்லுக்குப் பொருள் பெரும்பாலும் தமிழ்ப் பக்கத்திலேயே கிடைத்துவிடும், தமிழில் மறந்துபோன சொல்லும் அப்படியே திரும்பி வரும். வேலைநாளில் நேரம் இல்லாவிட்டால் சனிக்கிழமை சந்தையில் மீன் வாங்கும்போது விலையை மலாயில் கேளுங்கள், மீனைச் சுத்தம் செய்துகொண்டே கடைக்காரர் திரும்ப நான்கு கேள்வி கேட்பார்.